பிள்ளைக்கு எழுத்துப் பழக்குவது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பல வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது சாயங்காலம் என் வீட்டு வராந்தாவுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பஸ் ஸ்டாப்பிலும், தேயிலை எடை போடும் இடத்திலும், வாட்ஸ்அப்பிலும் அம்மா அப்பாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ் எழுத்தைப் பற்றித்தான். ஆங்கிலம் ஓரிடத்தில் தலைகாட்டும்.

எந்த வயதில் எழுதப் பழக்கலாம்?

கிறுக்குவதற்கு வயது கிடையாது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் ஒரு கிரேயான் துண்டைக் கொடுக்கலாம். சுவரைக் காப்பாற்றுவது உங்கள் பாடு. எழுத்துக்குத்தான் பொறுக்க வேண்டும். கை பழகுவது தோளில் ஆரம்பித்து, முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல் என்று இறங்கி வரும். மூன்று வயதுப் பிள்ளை கோடு போடும்போது பாருங்கள், முழுக்கையும் ஆடும், நாக்கும் கூடச் சேர்ந்து ஆடும். மூன்று விரலில் பென்சில் நிலையாக உட்காருவது பெரும்பாலும் நாலு வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில்தான். ஐந்து முடிந்து ஒன்றாம் வகுப்பு என்பது கைக்கும் பொருந்துகிற கணக்கு.

விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி, மூன்று வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோமே, அது விசேஷம், பாடம் இல்லை. மறுநாளே நோட்டு வாங்க ஓட வேண்டாம். மூன்றரை வயதுக்கு 'ஒரு பக்கம் அ எழுதி வா' என்று வீட்டுப்பாடம் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அந்த நோட்டை யார் எழுதுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளை எழுதினது போலவே கோணலாக வரட்டும் என்று இடது கையால் எழுதிக் கொடுத்த அம்மா ஒருவரை எனக்குத் தெரியும்.

அதுவரை கையைச் சும்மா வைத்திருப்பதா?

பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுங்கள். நம் மலையில் இதற்கா பஞ்சம்? பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தோலின் முதுகை அழுத்தினால் 'டப்' என்று வாய் திறக்கும். பென்சிலுக்கு வேண்டியதும் அந்த அழுத்தம்தான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சப்பாத்தி மாவில் பாம்பு உருட்டட்டும், துணி காயப்போடும் கிளிப்பை அமுக்கி அமுக்கி மாட்டட்டும், பழைய காகிதத்தைக் கிழிக்கட்டும்.

அப்புறம் கோலம். சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வளைந்து போய்த் திரும்புகிற கைக்கு, ஒ, ஐ, ண எல்லாம் தெரிந்த வீட்டுக்குப் போகிற மாதிரி. பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து சிமென்ட் சுவரில் எழுத விடுவதும் நல்லது. சமவெளியில் அரை நிமிடத்தில் காய்ந்துவிடுமாம். நமக்குப் பனிமூட்டம் இருந்தால் மத்தியானம் வரை நிற்கும்.

பென்சிலை எப்படிப் பிடிக்கச் சொல்ல வேண்டும்?

கொழுந்து பறிக்கிற அம்மாவிடம் இதை நான் விளக்குவதே இல்லை. "ரெண்டு இலை ஒரு மொட்டு கிள்ளுவீங்கல்ல, அப்படிப் பிடிக்கச் சொல்லுங்க" என்பேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளும், நடுவிரல் கீழே மெத்தை போலத் தாங்கும். (இப்போது பாதித் தோட்டத்தில் கத்தரியும் மெஷினும் வந்துவிட்டன. இன்னும் கொஞ்ச நாளில் இந்த உவமையும் செல்லாது.) சீவிய முனையிலிருந்து சுமார் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தால் எழுதுகிற எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

புதுப் பென்சிலைவிடச் சின்னப் பென்சில் நல்லது. விரல் நீளத் துண்டை முழு முஷ்டியால் பிடிக்க இடம் இருக்காது, தானாக மூன்று விரலுக்கு வந்துவிடும். கிரேயானை நானே உடைத்துத்தான் கொடுக்கிறேன்.

அழுத்தி எழுதுகிறானா என்று பார்க்க, தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். எழுத்து மறுபக்கம் புடைத்திருந்தால் கை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். நோட்டுக்கு அடியில் செய்தித்தாளை மடித்து வைத்து, "கிழியாம எழுது பார்ப்போம்" என்று விளையாட்டாக்கினால் போதும்.

முதலில் 'அ' தானே?

சொல்வதற்கு அ முதல். எழுதுவதற்கு இல்லை. உள்ளே ஒரு சின்னச் சுழி, அதைச் சுற்றி ஒரு வளைவு, இடப்பக்கமாக இறங்கி, அங்கிருந்து குறுக்கே வலப்பக்கம் வந்து, கடைசியில் ஒரு நேர்கோடு. ஒரே எழுத்தில் இவ்வளவு திருப்பம். முதல் நாளே ஒரு பிள்ளையைக் கல்லட்டி மலைப்பாதையில் வண்டி ஓட்டச் சொல்கிற மாதிரி.

நான் ட-வில் ஆரம்பிப்பேன். மேலிருந்து கீழே, அங்கிருந்து வலது பக்கம், அவ்வளவுதான். அதையே இன்னும் நீட்டி மேலே ஏற்றினால் ப. ப-வின் வலது காலை மேலே கொண்டுபோய் உள்பக்கமாக வளைத்து இறக்கினால் ம. மூன்று எழுத்தும் ஒரே பாதையில் ஒவ்வொரு அடி கூடுதலாகப் போகின்றன. ம-வுக்குப் புள்ளி வைத்துவிட்டால் அந்த வாரமே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொல்லே எழுதலாம். தான் எழுதினதைத் தானே படித்துவிட்ட பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்தால் அ ஆ இ ஈ வரிசையை நீங்களே தள்ளிப்போடுவீர்கள். வாயால் பாட்டாகச் சொல்வது அது பாட்டுக்கு நடக்கட்டும்.

புள்ளி என்றால் புள்ளி. நிறையப் பிள்ளைகள் ம் மேல் நிலா மாதிரி வட்டம் போடுவார்கள். இத்தனைக்கும் பழைய ஓலைச் சுவடிகளில் புள்ளி வைக்காமலேயே எழுதிப் படித்திருக்கிறார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும்.

எழுத்து சரியாக வந்தால் போதாதா? எந்தப் பக்கம் ஆரம்பித்தால் என்ன?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் எனக்கு முக்கியம். நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லோரையும் போல 'ஒரு பக்கம் எழுதி வா' என்று அனுப்புவேன். ஒரு பெண் குழந்தை மறுநாள் ஒரு பக்கம் ட எழுதி வந்தாள். அச்சடித்த மாதிரி வரிசை. 'வெரி குட்' போட்டு நட்சத்திரமும் போட்டேன். சாயங்காலம் அவள் அம்மாவைப் பார்க்கப் போனபோது அந்தக் குழந்தை திண்ணையில் உட்கார்ந்து அடுத்த பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் பக்கம் முழுக்க நேர்கோடு, மேலிருந்து கீழ் வரை, வேலிக்கால் நட்டது போல. அது முடிந்ததும் மறுபடி மேலே போய் எல்லாவற்றுக்கும் அடிக்கோடு, வலதிலிருந்து இடதாக. அவள் எழுதினதில் ஒரு ட கூட இல்லை. நூறு குச்சி, நூறு படுக்கைக் கோடு. நான் நட்சத்திரம் போட்டது அதற்குத்தான்.

எழுத்து என்பது கை போகிற பாதை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இரண்டு ப-வில் ஒன்று ஒரே ஓட்டத்தில் வந்திருக்கும், இன்னொன்று மூன்று துண்டாக ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றாம் வகுப்பில் வித்தியாசம் தெரியாது. மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் சொல்வதெழுதுதல் வைக்கும்போது தெரியும். ஒட்டுகிற பிள்ளை ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து வரைய வேண்டியிருப்பதால், வாக்கியத்தின் கடைசிச் சொல் அதற்குள் மறந்துபோயிருக்கும். 'கவனம் இல்லை' என்று பேர் வாங்குவதில் பாதிப் பேருக்குக் கோளாறு கையில்தான்.

அதனால் நோட்டைத் திருத்துவதைவிட, எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மேல். ஐந்து எழுத்துதான் எழுதட்டும், ஐந்தும் உங்கள் கண் முன்னால் எழுதட்டும். பாதை பதிந்ததா என்று பார்க்க ஒரு வழி: கண்ணை மூடிக்கொண்டு உங்கள் முதுகில் விரலால் எழுதச் சொல்லுங்கள். பதிந்த எழுத்து முதுகிலும் ஓடும். வரைந்த எழுத்து நடுவில் நின்றுவிடும்.

புள்ளி புள்ளியாக அச்சடித்த எழுத்தின் மேல் எழுத வைக்கலாமா?

இரண்டு மூன்று தடவை, அம்புக்குறி போட்டதாக இருந்தால். வெறும் புள்ளி எழுத்தில் பிள்ளை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நுழையும். புள்ளிகளைச் சேர்ப்பதில்தான் கண் இருக்கும்.

மரம் என்று எழுதச் சொன்னால் 'மாம்' என்று எழுதுகிறான். ஏன்?

ர-வுக்கும் காலுக்கும் ஒரு சின்னக் குதிகால்தான் வித்தியாசம். ர-வின் வலது கோடு கீழே வந்து இடப்பக்கமாகச் சாய்ந்து முடியும், துணைக்கால் அப்படியே நின்றுவிடும். அவசரத்தில் குதிகால் போய்விட்டால் மரம் மாம் ஆகிவிடும், கரம் காம் ஆகிவிடும். அவன் எழுதினதை அப்படியே அவனிடம் வாசித்துக் காட்டுங்கள். சிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

ண, ன எத்தனை சுழி என்று குழம்புகிறாள்.

'ரெண்டு சுழி ன, மூணு சுழி ண' என்று சொல்லித்தான் நாமும் படித்தோம். சிக்கல் என்னவென்றால் சுழிக்க ஆரம்பித்த கை நிற்காது. நாலு சுழி ண போட்ட பிள்ளைகளும் உண்டு, ஐந்து போட்டவனும் உண்டு. சுழியை வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள், கடைசியில் 'இறங்கு' என்று ஒரு சொல். ஒன்று, இரண்டு, இறங்கு. இரண்டையும் ஒரே நாளில் சொல்லித் தராதீர்கள், நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

கொக்கு எழுதச் சொன்னால் கொம்பை மறந்துவிடுகிறான்.

அவன் மேல் தப்பில்லை. 'கொ' என்று சொல்லும்போது முதலில் காதில் விழுவது க். எழுதும்போது முதலில் வருவது கொம்பு. காது ஒரு வரிசை சொல்ல, கை வேறு வரிசையில் போக வேண்டியிருக்கிறது. கெ, கே, கை மூன்றுக்கும் முன்னால் மட்டும் ஒன்று. கொ, கோ, கௌ மூன்றுக்கும் முன்னும் பின்னும். இதற்கு எழுத்து அட்டைதான் என் மருந்து. கொம்பு ஓர் அட்டை, க ஓர் அட்டை, கால் ஓர் அட்டை. முதலில் தரையில் அடுக்கட்டும், அடுக்கினதைப் பார்த்து எழுதட்டும். பத்து நாளில் அட்டை தேவைப்படாது.

கு, சு, து எல்லாம் ஏன் ஒரே மாதிரி இல்லை?

மற்ற வரிசைகளில் குறி பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். உகர ஊகார வரிசையில் எழுத்துக்கு எழுத்து மாறும், பெரியவர்களுக்கே தடுமாற்றம். பதினெட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைக்காமல் மூன்று குடும்பமாகப் பிரித்துவிடுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் சுற்றி வளைத்துக்கொள்கிற குடும்பம். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராகக் கீழே இறங்குகிற குடும்பம். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் பக்கத்தில் வளைந்து ஏறி இறங்குகிற குடும்பம். ஒரு வாரத்துக்கு ஒரு குடும்பம். ஙு-வை விட்டுத்தள்ளுங்கள், எந்தச் சொல்லிலும் வராது.

பாட்டி சொல்லித் தரும் 'லை' பள்ளியில் தப்பு என்கிறார்கள்.

பாட்டி தப்பாக எழுதவில்லை. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை இவற்றோடு ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்று பதின்மூன்று எழுத்துகள் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தன. அதற்கு முன் படித்தவர்கள் லை-க்கு யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு போடுவார்கள். பிள்ளை புது வடிவத்தை எழுதட்டும், பாட்டியின் பழைய கடிதத்தைப் படிக்கவும் தெரிந்துகொள்ளட்டும்.

இடது கையால் எழுதுகிறாள். மாற்றலாமா?

வேண்டாம். பத்தில் ஒருவர் சுமாராக அப்படித்தான். 'பீச்சாங்கை' என்று அடித்து மாற்றின காலம் போகட்டும்.

செய்ய வேண்டியது வேறு. தாளை அவள் உடம்புக்கு இடப்பக்கமாகத் தள்ளி, மேல்முனை வலது பக்கம் சாய்கிற மாதிரி வையுங்கள். வலது கைப் பிள்ளைக்கு வைப்பதற்கு நேர் எதிர். பென்சிலை இன்னும் கொஞ்சம் மேலே பிடித்தால் எழுதினதைக் கையே மறைக்காது, அழிக்காது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பையனின் முழங்கையோடு நாள் முழுக்க யுத்தம்.

எழுத்தைத் திருப்பிப் போடுகிறான். ஆங்கிலச் சின்ன பி-யும் (b) டி-யும் (d) மாறுகிறது.

ஏழு வயது வரை சாதாரணம். கோப்பை இந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாலும் கோப்பைதான் என்று அவன் கண் கற்றிருக்கிறது. எழுத்து மட்டும் திரும்பினால் வேறு என்பது அவனுக்குப் புதுச் சட்டம். அங்கேயும் பாதைதான் உதவும்: பி-க்கு முதலில் குச்சி, டி-க்கு முதலில் வட்டம்.

வீட்டில் படுகுதான் பேசுகிறோம். தமிழ் எழுத்து கஷ்டமாகுமா?

படுகு, எங்கள் மலைப் படுகர்களின் மொழி. கைக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. காதுக்குத்தான் கொஞ்சம். வீட்டில் 'ஹாலு' என்கிற பிள்ளை இங்கே 'பால்' என்று கேட்கிறது. ப எழுதச் சொல்லும் முன் பால், பாட்டி, பட்டம் என்று வாய்நிறையச் சொல்ல விடுங்கள். வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம். பிள்ளை சொல்கிற படுகுச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் இன்னும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். தன் ஹட்டியின் (படுகர் ஊரின்) பெயரை எழுதித் தரச் சொல்லாத பிள்ளை என் வராந்தாவில் இதுவரை இல்லை.

குளிரில் விரல் மடங்கவே மாட்டேன் என்கிறது.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி. காலை எட்டு மணிக்கு ஒரு ஆறு வயது விரலிடம் ழ கேட்பது கொடுமை. வெந்நீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கட்டும், பத்து தடவை கையைத் தட்டட்டும், அப்புறம் பென்சில். முடிந்தால் எழுத்து வேலையை மத்தியானத்துக்குத் தள்ளுங்கள்.

மழை வேறு தொல்லை. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும், எங்கள் கோத்தகிரிச் சரிவில் ஐப்பசி, கார்த்திகையில். இரண்டு இடத்திலும் நோட்டு நமத்துப்போகும். நமத்த தாளில் கூர்ப் பென்சில் கீறும், அழித்தால் ஓட்டை விழும். அந்த மாதங்களில் 2பி மாதிரி மென்மையான பென்சில் வாங்குங்கள், நோட்டை அடுப்படிப் பக்கம் வையுங்கள்.

சிலேட்டா, நோட்டா?

சிலேட்டு. பலப்பம் கொஞ்சம் உரசிக்கொண்டு போவதால் கை எங்கே போகிறது என்று விரலுக்கே தெரியும், தப்பு போட்டால் துடைத்துவிடலாம், சாட்சி இருக்காது. பலப்பத்தைத் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டுக்குப் போகும்போது இரட்டைக்கோடு நோட்டு.

அதற்கும் முன்னால் தட்டில் ரவையோ ராகி மாவோ. நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள். 1789-ல் எழும்பூர் ராணுவ அநாதைப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். இங்கிலாந்துக்குத் திரும்பியதும் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அங்கேயும் பரப்பினார். அந்த எழும்பூர்ப் பள்ளி பிற்பாடு நம் ஊட்டிப் பக்கத்து லவ்டேல் லாரன்ஸ் பள்ளியோடு சேர்ந்தது. மணல் எப்படியெல்லாம் சுற்றியிருக்கிறது பாருங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம். கை வலிக்கிறது என்றால் அதற்குள்ளும் நிறுத்தலாம்.

பள்ளியில் 'அரும்பு' நிலை என்கிறார்கள். பின்தங்கிவிட்டானா?

அரசுப் பள்ளிகளில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பிள்ளை இப்போது எங்கே நிற்கிறான் என்பதற்கான அடையாளம் அது. ரேங்க் கார்டு இல்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஏழு, எட்டு வயது தாண்டியும், பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியும், எழுத்து ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பாதையில் போனால்; பட்டன் போடுவது, சாப்பாடு பிசைவது எல்லாமே சிரமமாக இருந்தால்; ஐந்து வரிக்குள் கை வலி என்று அழுதால். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். அப்புறம் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், பள்ளி மூலமாகக் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

என் கையெழுத்தே கோழிக் கிறுக்கல். நான் எப்படிச் சொல்லித் தருவது?

அழகு வேண்டாம், மெதுவாக எழுதிக் காட்டினால் போதும். ஒன்று மட்டும் கவனம்: எதிரே உட்காராதீர்கள். எதிரே இருந்து பார்க்கிற பிள்ளைக்கு உங்கள் எழுத்து தலைகீழ். பக்கத்தில், ஒரே பக்கம் பார்த்து உட்காருங்கள்.

பிக்கப் வண்டி ஓட்டுகிற அப்பா ஒருவர் இப்படித்தான் தயங்கித் தயங்கி வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து ழ எழுதிக் காட்டினார். மேலே எல்லாவற்றையும் எழுதி, கையை எடுத்து, கீழ்ச்சுழியைத் தனியாகக் கொண்டுவந்து ஒட்டினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கையை எடுக்கக் கூடாதுப்பா" என்று அவர் கையைப் பிடித்து முதலிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள். இப்போது டெலிவரி சீட்டில் கோழிக்கோடு என்று எழுத வரும்போதெல்லாம் அவர் கொஞ்சம் நிதானிக்கிறாராம்.